கோவிந்தராஜ் குடிக்காத பீர்

நான் எகிப்துக்குப் போனதில்லை. என்னிடம் பாஸ்போர்ட்டே இல்லை. ஆனால் எகிப்துக்காரர்கள் பிரமிடு கட்டிய காலத்தில் குடித்த பீரைக் குடித்துவிட்டேன் — அத்திப்பள்ளியில்!

சிரிக்காதீர்கள். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் பெங்களூரு பஸ் ஏறி, ஜூஜுவாடியில் லாரிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் மூச்சுத் திணறி, அதைத் தாண்டினால் கர்நாடகம். எல்லையைக் கடந்ததும் நம்மை முதலில் வரவேற்பது ஒயின்ஷாப் போர்டுகள்தான். அந்தப் பக்கம் போய் நம்மூர்க்காரர்கள் என்னென்னவோ குடித்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஆனால் நாலாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தைய பீரைக் குடித்தவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

இந்தப் பெருமையை நான் தேடிப் போகவில்லை. என் நண்பர் கோவிந்தராஜுக்காகப் போனேன். அவர் குடிக்கவில்லை. அதுதான் இந்த வாரக் கதை.

கோவிந்தராஜ் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஊத்தங்கரைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் டூல் ரூமில் இருந்தார். நான் அதே கம்பெனியில் ஸ்டோர்ஸ். நான் தெற்கே கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவன். நான் வந்த புதிதில் பேசிய தமிழை அவர் கிண்டல் செய்வார், அவர் 'இன்னா' என்றால் நான் கிண்டல் செய்வேன். அப்படியே நண்பர்களாகிவிட்டோம். நான் பத்திரிகையில் எழுத ஆரம்பித்த பிறகு எனக்கு 'ரைட்டர்' என்று பேர் வைத்தார். போலீஸ் ஸ்டேஷன் ரைட்டரா என்று பஸ்ஸில் பக்கத்துச் சீட்காரர் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்ததுண்டு.

கோவிந்தராஜ் குடிக்க மாட்டார். 'குடிப்பழக்கம் இல்லை' என்று நாம் சாதாரணமாகச் சொல்வோமே, அந்த மாதிரி இல்லை. குடியை வெறுப்பவர். கேன்டீனில் யாராவது லேசாக வாசனையோடு வந்து உட்கார்ந்தால் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

காரணம் இருந்தது. அவருடைய தம்பி முருகேசன். கிரானைட் குவாரியில் வேலை பார்த்தவன். நல்ல உழைப்பாளி, நன்றாகப் பாடுவான் என்பார்கள். குடி அவனை மெல்ல மெல்லத் தின்றது. ஒரு மழைக்காலத்தில் ஏரிக்கரையில் விழுந்து கிடந்தவன், பிறகு எழுந்திருக்கவே இல்லை. தூக்கி வந்தது கோவிந்தராஜ். கொள்ளி வைத்ததும் அவர்தான். தம்பி மனைவியையும் பிள்ளைகளையும் தன் வீட்டோடு சேர்த்துக்கொண்டு, ஒரே சம்பளத்தில் இரண்டு குடும்பத்தை இழுத்தார். ஊரில் சாராயக் கடையை மூடச் சொல்லிப் பெண்கள் உட்கார்ந்தபோது, லீவு போட்டுவிட்டுப் போய் அவர்களோடு தரையில் உட்கார்ந்த ஒரே ஆண்பிள்ளை அவர்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். கீர்த்தனா.

படிப்பில் கெட்டி. மைக்ரோபயாலஜி முடித்தாள். பெங்களூரு போகிற வழியில் ஒரு பேக்கரி யூனிட்டில் வேலை என்று சொன்னாள். ரிட்டயர் ஆகி ஊருக்குப் போய்விட்ட கோவிந்தராஜ் போனில் என்னிடம் பெருமையடித்துக்கொள்வார்: "எம்பொண்ணு ரொட்டி சுடறாபா. ரொட்டிக்குக் கூட எம்மெஸ்ஸி படிக்கணும் போல."

இந்த வருஷத் தொடக்கத்தில் கீர்த்தனா எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, ஞாயித்துக்கெழம அப்பாவ வரச் சொல்லியிருக்கேன். நான் வேலை செய்யற எடத்தக் காட்டணும். நீங்களும் கூட வாங்க."

"நான் எதுக்கும்மா?"

"நீங்க இருந்தா நல்லா இருக்கும் மாமா. அவ்ளோதான்."

பிள்ளைகள் 'அவ்ளோதான்' என்று சொன்னால் அவ்வளவோடு முடியாது என்று நமக்குத் தெரிய வேண்டாமா? எனக்குத் தெரியவில்லை. நல்ல ரொட்டி கிடைக்கும் என்ற நினைப்பில் போனேன்.

அத்திப்பள்ளியில் இறங்கி ஒரு ஷேர் ஆட்டோ. பெரிய தோட்டம், ஓட்டுக் கூரை, மரத்தடியில் மேஜைகள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்பதால் இளவட்டக் கூட்டம். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் பளபளவென்று எஃகு டேங்குகள் வரிசையாக நின்றன.

இது பேக்கரி இல்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் கோவிந்தராஜைப் பார்த்தேன். அவர் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார்.

"வெல்டிங் பாத்தியா ரைட்டரே? கையால தடவுனா கூட தெரியாது. இன்னா வேல!"

"கோவிந்து... இதெல்லாம் எதுக்குன்னு..."

"மாவு பெசையறதா இருக்கும். இல்ல பாலா இருக்கும். பெரிய கம்பெனிபா."

அதற்குள் கீர்த்தனா வந்துவிட்டாள். தலையில் துணி கட்டி, ஏப்ரன் போட்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது. "அப்பா, நீ மொதல்ல உக்காரு" என்று ஒரு மரத்தடி மேஜைக்குக் கூட்டிப் போனாள். அங்கே நின்ற மேனேஜர், கன்னடக்காரர், "கூத்கொள்ளி சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். அவருக்கு விஷயம் தெரியும் போலிருந்தது.

முதலில் ரொட்டி வந்தது. கறுப்பாக, கனமாக, மேலே வெடித்த ஒரு ரொட்டி. கோவிந்தராஜ் பிட்டு வாயில் போட்டார். மென்றார். இன்னொரு துண்டு.

"நல்லா இருக்குது பாப்பா. இன்னா கோதுமை இது?"

"சம்பா கோதுமைப்பா. நம்ம வீட்ல உப்புமா கிண்டுவோமே, அந்த ரவை. எகிப்துல ராஜா காலத்துல இந்த மாதிரி கோதுமைதான் போட்டாங்க."

"எகிப்தா?"

அவள் சொல்ல ஆரம்பித்தாள். பிரமிடு கட்டினவர்களுக்குக் கூலியே ரொட்டியும், இன்னொரு பொருளும்தான். இந்த மாதிரி ரொட்டியை அரைவேக்காடாகச் சுட்டு, பிட்டுத் தண்ணீரில் ஊறப்போட்டு, முளைகட்டிய தானியம் சேர்த்து, வடிகட்டி, பானையில் புளிக்க விடுவார்கள். பேரீச்சை போடுவார்கள். கெட்டியாக இருக்கும். வேலைக்காரர்களுக்கு அது சாப்பாடு மாதிரி.

கோவிந்தராஜ் ஆர்வமாகக் கேட்டார். கூலிக்குக் கேழ்வரகு வாங்கிய குடும்பத்தில் பிறந்தவர். சாப்பாடே கூலி என்றால் அவருக்கு விளக்க வேண்டியதில்லை.

"அப்ப நம்ம கூழு மாதிரின்னு சொல்லு."

"ஆமாப்பா. கூழு மாதிரிதான். புளிச்சது." ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அத நான் இங்க செஞ்சிருக்கேன்ப்பா. இன்னிக்குத்தான் மொதல் தடவ வெளிய எடுக்கறோம். ஈஸ்ட்டு கூடக் கடையில வாங்கல. தர்மபுரிப் பக்கம் பேரீச்சந் தோட்டம் இருக்குதில்ல, அங்கேர்ந்து பழம் எடுத்தாந்து, தோல்லேர்ந்து நானே புடிச்சு வளத்தேன்."

இரண்டு மண் குவளைகள் மேஜைக்கு வந்தன. கலங்கலாக, பழுப்பாக, மேலே மெல்லிய நுரை.

கோவிந்தராஜ் குவளையைக் கையில் எடுத்தார். உதட்டுக்குக் கொண்டுபோனார். அப்போது அவள் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம், குடித்த பிறகு சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் அவருடைய மகள் இல்லையா?

"அப்பா... இது பீருப்பா."

குவளை அங்கேயே நின்றது.

"இன்னா?"

"பீரு. நான் வேல செய்யறது பேக்கரி இல்லப்பா. இங்க ரொட்டியும் சுடறோம்... ஆனா நான் பீர் தயாரிக்கறவ. வந்த நாள்லேர்ந்து அதான் வேல. உங்கிட்ட சொல்றதுக்குத் தைரியம் வரல. இன்னிக்கு இத வெச்சுச் சொல்லிடலாம்னு..."

பக்கத்து மேஜையில் யாரோ பெரிதாகச் சிரித்தார்கள். கோவிந்தராஜ் குவளையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"ஒங்க சித்தப்பன் எப்படி செத்தான்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும்ப்பா. அதனாலதான் பயந்தேன்."

"ஒன் கூட வெளையாடின புள்ளைங்க அப்பா இல்லாம வளந்துச்சே. நம்ம வீட்லதானே வளந்துச்சு."

"அப்பா, இது அந்த மாதிரி இல்ல..."

"எல்லாம் ஒரே மாதிரிதான் பாப்பா."

அவர் கத்தவே இல்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். கத்தினால் பதிலுக்கு யாராவது கத்தலாம். குவளையை ஒரு விரலால் என் பக்கம் நகர்த்தினார். "நீ குடி ரைட்டரே. ஒனக்குப் பழக்கம் உண்டு" என்றார். எழுந்து கேட்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

நான் என்ன செய்ய வேண்டும்? நண்பர் பின்னால் ஓடுவதா? அந்தப் பெண் அப்படியே நின்றாள். ஊற்றி வைத்த இரண்டு குவளையும் அப்படியே இருந்தன. ஒருவராவது குடிக்க வேண்டும் என்று தோன்றியது.

குடித்தேன்.

வாசகர்கள் கேட்பீர்கள், எப்படி இருந்தது என்று. நான் குடிகாரன் இல்லை, சுத்த சைவமும் இல்லை. கல்யாண வீடு, கம்பெனி பார்ட்டி என்று குடித்திருக்கிறேன். அந்த பீர் எதுவும் இதற்கு உறவில்லை. இதில் கசப்பே கிடையாது. ஜில்லென்றும் இல்லை. முதலில் ரொட்டியின் கருகிய ஓரம் மணந்தது. பிறகு புளிப்பு — முந்தின நாள் கரைத்து வைத்த கூழை மறுநாள் காலையில் குடிக்கும்போது நாக்கின் இரண்டு பக்கமும் இழுக்குமே, அந்தப் புளிப்பு. அது அடங்கும்போது பேரீச்சையின் இனிப்பு, ரொம்ப தூரத்தில். கடைசியில் கொத்தமல்லி விதை வாசம். வயிறு நிறைந்தது. வெயிலில் கல் இழுக்கிறவனுக்கு இதைக் கொடுத்தால் அவன் இன்னும் கொஞ்ச நேரம் இழுப்பான் என்று நம்ப முடிந்தது.

"நல்லா இருக்கும்மா" என்றேன். உபசாரத்துக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே நன்றாக இருந்தது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, போன வருசம் அந்த ரெண்டாவது டேங்க் மூடி ஒழுகிட்டே இருந்துச்சு. மெக்கானிக் வந்தும் சரியாவல. அப்பாகிட்ட ஓவன் கதவுன்னு சொல்லிக் கேட்டேன். ரப்பர திருப்பிப் போட்டுப் பாரு, ஒரே பக்கம் இறுக்காத, எதிரெதிரா இறுக்குன்னாரு. அன்னிக்கே நின்னுடுச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு நாள் அத சொல்லிச் சிரிக்கலாம்னு வெச்சிருந்தேன்."

வெளியே வந்தபோது கோவிந்தராஜ் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தார். ஓசூர் வந்து சேர்ந்தோம். ஊத்தங்கரை பஸ்ஸில் ஏறுவதற்கு முன் சொன்னார்:

"அவ மேல எனக்குக் கோவம் இல்லபா. ஆனா அந்த வாசன. குவளைய கிட்ட கொண்டாந்தேனே... என் தம்பி சட்டைய நான் தொவச்சிருக்கேன் ரைட்டரே."

அவர் சொன்னதில் தப்பு இருக்கிறதா? அந்தப் பெண் செய்ததில்தான் தப்பு இருக்கிறதா? வீட்டுக்கு வந்து என் மனைவி செல்வியிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "ரெண்டு பேருமே பாவம்" என்றாள். பிறகு, "நீங்க எதுக்கு ரெண்டு குவளையையும் குடிச்சீங்க?" என்றாள். வாசனையை வைத்தே கணக்குப் போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் எனக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் போனில் வந்தது.

கீர்த்தனா தினமும் சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்கிறவள். அவள் போன் வந்ததும் கோவிந்தராஜ் எடுத்து, ஒன்றும் பேசாமல் மனைவி சரோஜாவிடம் கொடுத்துவிடுவார். திட்டவில்லை. வேலையை விடு என்று சொல்லவில்லை. போனைக் கை மாற்றினார், அவ்வளவுதான். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் ஒரு பெண்ணை இப்படி வேலையை விட வைக்க நம் அப்பாக்களால் மட்டும்தான் முடியும்.

அவள் விட்டுவிட்டாள். யாரையும் கேட்கவில்லை. ஓசூரிலேயே ஒரு மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கும் லேபில் சேர்ந்தாள்.

"ஏம்மா இப்படிப் பண்ணே? அப்பா விடச் சொல்லலியே?" என்று கேட்டேன்.

"அதான் மாமா. சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன்."

மகள் மருந்துக் கம்பெனி என்று தெரிந்ததும் கோவிந்தராஜ் மறுபடி அவளிடம் பேச ஆரம்பித்தார். எனக்கும் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். குரலில் நிம்மதி. "மருந்து கம்பெனிபா. நாலு பேருக்கு நல்லது" என்றார். எனக்கும் ஒரு வகையில் நிம்மதிதான். பிரச்சினை தீர்ந்தது, குடும்பம் சேர்ந்தது. பத்திரிகைக் கதையாக இருந்தால் இங்கேயே முடித்துவிடலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் கோவிந்தராஜ். முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். செல்வி காபி கொடுத்தாள். கையில் வைத்துக்கொண்டே இருந்தார். ஆறிப்போனது.

"அத்திப்பள்ளி போவலாம் வா ரைட்டரே."

"எதுக்கு?"

"எனக்கு அத ஒரு வாய் குடிக்கணும்."

நான் செல்வியைப் பார்த்தேன், செல்வி என்னைப் பார்த்தாள்.

"எத?"

"அவ செஞ்சத."

மெதுவாகத்தான் வெளியே வந்தது. அவள் ஊருக்குப் போன் செய்கிறாள், தினமும்தான் செய்கிறாள். முன்பெல்லாம் மாவு இன்னைக்கு எப்படிப் பொங்கியது, சூடு எங்கே தப்பியது, எப்படிச் சரிசெய்தாள் என்று பேசிக்கொண்டே இருப்பாளாம். தட்டில் போட்ட சோறு காய்ந்துவிடும், சரோஜா கத்துவார், இவர் போனை வைக்க மாட்டார். இப்போது? அன்றைக்கு ஒரு நாள் இவரே கேட்டிருக்கிறார், வேலை எப்படி என்று. மாத்திரையை எடை போடறோம்ப்பா என்றாளாம். வேறு? அவ்ளோதான்ப்பா. போனை வைத்துவிட்டுப் பார்த்தால் சோற்றில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

"அப்பத்தான் ஒறச்சுது எனக்கு. அவ எங்கிட்ட எதையும் மறைக்கலபா. எல்லாத்தையும் சொல்லினுதான் இருந்திருக்கா. பேரு மட்டும் மாத்திச் சொன்னா." காபி டம்ளரைக் கீழே வைத்தார். "ஒரு வாய் குடிச்சிட்டு, நல்லால்ல, ஒனக்கு இது வேணாம்னு சொல்லிருந்தாக்கூட ஒரு நாயம் இருக்குது. பெத்த பொண்ணு செஞ்சத வாய்லயே வெக்காம எழுந்து வந்துட்டேன்."

போனோம்.

அதே தோட்டம், அதே டேங்குகள். இந்த முறை அவர் கண்ணாடிப் பக்கம் போகவில்லை. அன்றைக்கு உட்கார்ந்த மரத்தடிக்கே போய் உட்கார்ந்தார். முதுகை நிமிர்த்தி, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, டாக்டரிடம் ஊசி போட வந்தவர் மாதிரி.

மேனேஜர் எங்களை அடையாளம் கண்டுகொண்டார்.

"கீர்த்தனா ஃபாதர்தானே? எப்படி இருக்காங்க சார் அவங்க?"

"நல்லா இருக்குது." தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்த எகிப்து பீரு... ஒண்ணு குடுங்க."

மேனேஜரின் முகம் மாறியது.

"அது இல்ல சார். நிறுத்திட்டோம்."

"நிறுத்திட்டீங்களா?"

"அவங்க போனதுக்கப்புறம் ஒரு தடவ ட்ரை பண்ணோம். வரல. அந்த ஈஸ்ட்ட அவங்கதான் தினம் தீனி போட்டு, புள்ள மாதிரி பாத்துக்குவாங்க. வேற ஆள் பாத்துக்கத் தெரியாம விட்டுட்டான். செத்துப் போச்சு." கையை விரித்தார். "கஸ்டமர்ஸும் பெரிசா கேக்கல சார். புளிக்குது, ஜில்னு இல்லன்னு பாதிப் பேர் திருப்பி அனுப்பிட்டாங்க. இருந்ததையும் கீழதான் ஊத்தினோம்."

பாருங்கள். ஊரையே கெடுத்துவிடும் என்று ஒருவர் பயந்த பீர். அதைக் குடிக்க ஆளே இல்லை. பிரமிடு கட்டினவர்களுக்கு ஒத்துக்கொண்டது, லேப்டாப் பையோடு வருகிறவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

கோவிந்தராஜ் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜருக்கு என்ன தோன்றியதோ, இன்னொன்றும் சொன்னார்.

"அன்னிக்கு ஓனர் வந்திருந்தாரு சார். மொதல் கப் ஓனருக்குத்தான் குடுக்கணும். இவங்க குடுக்கல. எங்கப்பா வராரு, அவருக்கு அப்புறம்தான்னு சொல்லிட்டாங்க. ஓனர் சிரிச்சுட்டு வெயிட் பண்ணாரு."

இதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். நல்ல மனுஷர்தான், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். நல்லெண்ணத்தில் சொல்லப்படும் சில விஷயங்கள்தான் ஆழமாக இறங்குகின்றன.

"வேற பீர் இருக்கு சார். மாம்பழம் போட்டது ஒண்ணு, காபி போட்டது ஒண்ணு. கொண்டு வரட்டா? என் கணக்குல."

கோவிந்தராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

"வேணாம்பா. நான் குடிக்கறதில்ல."

எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். நானும் வந்தேன்.

பஸ் ஸ்டாப்பில் நல்ல வெயில். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டு கேட்டார்:

"எப்படிபா இருந்துச்சு அது?"

உங்களுக்குச் சொன்னதைத்தான் அவருக்கும் சொன்னேன். கருகிய ரொட்டி ஓரம், கூழ்ப் புளிப்பு, பேரீச்சை, கொத்தமல்லி விதை. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "கூழு மாதிரியேவா?" என்று திரும்பக் கேட்டார். "கூழு மாதிரியேதான்" என்றேன். ஒருவர் குடிக்காததை இன்னொருவர் வார்த்தையில் ஊற்றிக் கொடுப்பது எவ்வளவு வீண் வேலை என்று அப்போது தெரிந்தது. வருஷக்கணக்காகப் பத்தி எழுதுகிறேன், என் தொழிலின் மேல் எனக்கு இவ்வளவு சந்தேகம் வந்ததில்லை.

பிறகு அவர் போனை எடுத்தார். லாரிச் சத்தத்தில் காது கேட்காது என்று ஸ்பீக்கரில் போட்டார். அதனால் நானும் கேட்டேன்.

"பாப்பா."

"சொல்லுப்பா. என்ன இந்த நேரத்துல? அம்மா நல்லா இருக்குதா?"

"அம்மா நல்லா இருக்குது. ஒன் ஈஸ்ட்டு செத்துப் போச்சாம் பாப்பா."

ஒரு லாரி கடந்து போனது. இன்னொன்றும் போனது.

"எங்கப்பா இருக்க நீ?"

"அத்திப்பள்ளில. ரைட்டரு கூட."

"அங்க எதுக்குப்பா போன?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, டூல் ரூமில் ஒரு பார்ட்டைப் பற்றி விசாரிப்பவர் மாதிரி கேட்டார்:

"மறுபடி புடிக்க முடியாதா அத? தர்மபுரிக்கு நான் வேணா போயி பழம் வாங்கியாறேன்."

"புடிக்கலாம்ப்பா." அவள் குரல் தணிந்திருந்தது. "ஆனா அதே ஈஸ்ட்டு வராது. வேறதான் வரும். ருசியும் வேற மாதிரி இருக்கும்."

"வேற மாதிரி இருந்தா இருக்கட்டும். ஒருவாட்டி செஞ்சு குடு பாப்பா. வீட்டுல ஒரு பானையில. எனக்கு மட்டும்."

மறுபடியும் லாரிகள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அவள் அழுகிறாளோ என்று நினைத்தேன். இல்லை. குரல் தெளிவாகத்தான் வந்தது. யாரோ அறைக்கு வெளியே கூப்பிட்டால் பேச்சை முடிப்போமே, அப்படி.

"பாக்கலாம்ப்பா. வெயில்ல நிக்காத, பஸ் புடிச்சு வீட்டுக்குப் போ."

தமிழில் 'பாக்கலாம்' என்றால் என்ன அர்த்தம்? உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடன் கேட்டவனுக்கும், வரன் கேட்டவனுக்கும், போக விரும்பாத விருந்துக்கும் நாம் எல்லோரும் சொல்கிற வார்த்தைதானே அது.

ஓசூர் பஸ் வந்தது. கோவிந்தராஜ் படியில் கால் வைத்தவர், என் பக்கம் திரும்பினார். அன்று முழுதும் இல்லாத ஒரு வெளிச்சம் முகத்தில்.

"பாக்கலாம்னு சொல்லிருக்கா ரைட்டரே!"

"ஆமா கோவிந்து" என்றேன்.